மூன்று ரூபாய்ச் சந்தாவும் ஒரு தோட்டக்காரரும்



இதை எழுதும்போது வெளியே விடாத மழை. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நம் சேரங்கோட்டில் வெயில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. துவைத்த துணி மூன்று நாளாகியும் ஈரம் விடவில்லை. ஆனால் என் சமையலறை ஜன்னல் திண்டில் ஐந்து தயிர் டப்பாக்களில் புதினாவும், வெந்தயக் கீரையும், வெங்காயத் தாளும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. இவை எப்படி அங்கே வந்தன என்பதைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

போன வருடம் நம் கட்டடத்தின் பின்புறம் பொதுக் காய்கறித் தோட்டம் போட்டோம். மொத்தமுள்ள 24 வீடுகளில் 18 வீடுகள் மாதம் 50 ரூபாய் சந்தா தந்தன. நான்காம் மாதம் 11 வீடுகள்தான் தந்தன. ஏழாம் மாதம் 5. கோஸ் நாற்று காட்டுப்பன்றிக்குப் போனது. பீன்ஸ் கொடியைக் குரங்கு பிய்த்தது. மிச்சம் இருந்ததை யார் பறிப்பது, யார் தண்ணீர் விடுவது என்பதில் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வேலியோரம் 12 வாழைக்கன்று வைக்கலாம் என்று யோசனை சொன்னதும், பொருளாளர் என்ற முறையில் அதற்குப் பணம் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். யானை நடமாடும் ஊரில் வாழை வைத்தால் என்ன ஆகும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் சுற்றுச்சுவர் இருக்கிறதே என்ற தைரியம். அக்டோபரில் ஒரு இரவு சுவரும் போனது, வாழையும் போனது. விரட்டப் போன நம் காவலாளி தம்பி தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். யானை இன்னும் நாலடி முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் எனக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது.

தோட்டக் கணக்கில் இப்போது 1,860 ரூபாய் மீதி உள்ளது. அதைச் சந்தாதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை மூடிவிடலாமா என்பது வரும் பொதுக்குழுவில் ஒரு பொருள். முடிவு எடுக்கும் முன் இதே மாவட்டத்தில், இதே போலச் சந்தா வசூலித்துத் தொடங்கி, இதே போலத் தோற்றுப்போன இன்னொரு காய்கறித் தோட்டத்தின் கதையையும், அதை ஏற்று நடத்த வந்த ஒருவரின் வாழ்க்கையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தத் தோட்டத்தை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறோம்.

ஊட்டியில் ஒரு கூட்டுக் காய்கறித் தோட்டம்

1845-ஆம் ஆண்டு வாக்கில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி ஒரு பெரிய தலைவலி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களிலேயே உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் போன்றவற்றை மலையில் விளைவித்துக் காட்டியிருந்தார். ஆனாலும் நியாயமான விலையில், வேண்டிய அளவு கிடைப்பது சிரமமாகவே இருந்தது. எனவே சிலர் சேர்ந்து தொட்டபெட்டாவின் அடிவாரச் சரிவில் ஒரு தோட்டம் போட்டார்கள். ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா. அதற்கு ஈடாக வீட்டுக்குக் காய்கறி வந்துவிடும். வேறு செலவு கிடையாது.

கேட்பதற்கு எவ்வளவு எளிமையான ஏற்பாடு! ஓரிரு ஆண்டுகளில் அது சரிப்பட்டு வரவில்லை. அவர்களுடைய ரொக்கப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் 35 வருடம் வங்கியில் பேரேடு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சந்தா கட்டியவர் தன் கடமை முடிந்தது என்று நினைப்பார். செடிக்கு அந்த ரசீது தெரியாது. அதற்கு அன்றாடம் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

1847-இல் மறுபடி நிதி திரட்டினார்கள். இம்முறை நோக்கம் பெரிதானது. காய்கறித் தோட்டத்தைப் பொதுப் பூங்காவாக மாற்றுவது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு ஆதரவு தந்தார். தேர்ந்த தோட்டக்காரர் ஒருவர் வேண்டும் என்று லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவைக் கேட்டார்கள். அங்கிருந்து அனுப்பப்பட்டவர்தான் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர்.

சேற்றிலிருந்து ஒரு பூங்கா

மெக்ஐவர் ஸ்காட்லாந்தில் டாலர் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். கியூ பூங்காவில் பயிற்சி பெற்றவர். இந்தியாவுக்குப் புறப்படுவதற்கு முன், பிரிட்டனில் வளரும் ஈரல்பாசிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். ஈரல்பாசி என்பது நம் குளியலறைச் சுவரோரமும் கிணற்று விளிம்பிலும் ஒட்டிக்கொண்டு வளரும் பொடிப்பொடித் தாவர இனம். யாரும் குனிந்து பார்க்காத ஒன்றை உட்கார்ந்து பார்க்கும் பொறுமை இருந்த மனிதர் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். 1848 மார்ச் மாதம் ஊட்டிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபதுகளின் முற்பகுதி.

அவரிடம் ஒப்படைக்கப்பட்ட இடத்தை இன்றைய பூங்காவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம்ப முடியாது. மேற்பகுதி அடர்ந்த சோலைக்காடு. கீழ்ப்பகுதி கால் வைத்தால் புதையும் சதுப்பு. நடுவில் மழைநீர் அரித்த பள்ளங்கள். நாம் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும் அந்தப் பெரிய புல்வெளி, வடிகால் வெட்டி, சேற்றை வடித்து, மண் நிரப்பி உண்டாக்கியது. மேட்டில் படிப்படியாகத் தளங்கள் அமைத்தார். பாதைகள் போட்டார். பூங்கா ஒரு உருவத்துக்கு வர சுமார் பத்து ஆண்டுகள் பிடித்தன.

அந்த நிலமும் ஆளில்லா நிலம் அல்ல. அது தோடர்களின் மேய்ச்சல் மலை. பூங்காவின் மேற்கோடியில் இன்றும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. படம் எடுக்க மட்டும் அங்கே போகிறவர்கள் இதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

அந்தப் பத்து ஆண்டுகளில் வெளிநாட்டு மரங்கள், பழச்செடிகள், காய்கறி விதைகள் எனப் பலவற்றை வரவழைத்து, எது இந்தக் குளிரையும் மழையையும் தாங்குகிறது என்று நட்டுப் பார்த்தார் மெக்ஐவர். தாங்கியதைப் பெருக்கினார். 3 ரூபாய் காய்கறித் தோட்டம் இப்படித்தான் அரசினர் தாவரவியல் பூங்கா ஆயிற்று. 1896 முதல் மே மாத மலர்க் கண்காட்சி நடப்பதும் அதே மண்ணில்தான். மெக்ஐவர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காடு

இனிமேல் வரும் பகுதிதான் ஜன்னல் திண்டில் செடி வளர்க்கும் நமக்கு மிகவும் வேண்டியது.

அந்தக் காலத்தில் மலைச்சாரல் ஊர்களை ஆட்டிப்படைத்தது குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா. கூடலூரிலிருந்து வயநாடு வரையுள்ள நம் பகுதி அதற்குப் பேர்போனது. என் தாத்தாவின் தம்பி எஸ்டேட் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் இந்தக் காய்ச்சலில்தான் போனார். தாத்தாவும் படுத்தார், பிழைத்தார். கொயினா கிடைத்தவன் பிழைத்தான், கிடைக்காதவன் போனான் என்கிற மாதிரி இதை எங்கள் பாட்டி சொல்லுவாள். எந்த ஊர் மரத்திலிருந்து அந்தக் கொயினா வந்தது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொயினா என்று நம்மவர்கள் சொன்னது குவினைன். அது சிங்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. சிங்கோனாவின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். பட்டைக்காக மரங்களை வெட்டிக்கொண்டே போனதால் அங்கே அவை அருகிவந்தன. விலையோ எட்டாத உயரம். இந்தியாவிலேயே வளர்த்துவிடலாம் என்று முடிவு செய்த அரசு, 1859-இன் இறுதியில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரைப் பெரு நாட்டுக்கு அனுப்பியது.

செடியைக் கொண்டுவருவது எப்படி? சூயஸ் கால்வாய் இன்னும் திறக்கப்படாத காலம். மாதக்கணக்கில் கப்பல், நடுவில் தரைவழிப் பயணம், உப்புக்காற்று, வெயில். இதற்கு ஒரு வழி முப்பது வருடம் முன்பே லண்டனில் தற்செயலாகக் கிடைத்திருந்தது. நதானியேல் வார்டு என்ற மருத்துவர் 1829-இல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈரமண்ணோடு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்ணில் பட்டது, மண்ணிலிருந்து முளைத்த ஒரு பெரணியும் புல்லும். லண்டன் நகரப் புகையில் அவர் வீட்டுத் தோட்டத்துப் பெரணிகள் கருகிக்கொண்டிருந்தன. இதுவோ தண்ணீர் ஊற்றாமலே தழைத்தது. பகலில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குகிறது என்று புரிந்துகொண்டார். 1833-இல் இதே முறையில் மூடிய பெட்டிகளில் செடிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. வார்டு பெட்டி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. மெக்ஐவர் ஊட்டிக்கு வந்த அதே ஆண்டுகளில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் சீனத் தேயிலைச் செடிகளை ஆயிரக்கணக்கில் இமயமலைப் பகுதிக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பெட்டிகளில்தான்.

இருந்தும் மார்க்கம் கொண்டுவந்த செடிகள் தப்பவில்லை. செங்கடல் வெப்பத்தில் வாடி, 1860 அக்டோபரில் ஊட்டி வந்தபோது அவற்றில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. மெக்ஐவர் எவ்வளவு பாடுபட்டும் காப்பாற்ற முடியவில்லை. அதே நேரம் ஈக்வடார் மலைகளில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலர், உடல் நலமில்லாத நிலையிலும், செம்பட்டைச் சிங்கோனாவின் விதைகளையும் நாற்றுகளையும் சேகரித்துக்கொண்டிருந்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் அவருக்குத் துணை. கிராஸ் 1861 ஏப்ரலில் சில நூறு செடிகளை நல்ல நிலையில் ஊட்டியில் மெக்ஐவர் கையில் சேர்த்தார். விதைகள் தனியாக வந்தன.

ஒரு துண்டிலிருந்து பல லட்சம்

மெக்ஐவர் யார் என்பது அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. கண்ணாடிக் கூரை போட்ட வளர்ப்பு அறைகளில், அடியில் இளஞ்சூடு கிடைக்கும்படி செய்து, விதைகளை முளைக்க வைத்தார். முளைத்த செடி கொஞ்சம் வளர்ந்ததும் தண்டுத் துண்டு எடுத்து நட்டார். கிளையை வளைத்து மண்ணில் பதியன் போட்டார். அந்தத் துண்டு வளர்ந்ததும் அதிலிருந்து மீண்டும் துண்டு. வட்டிக்கு வட்டி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நூறில் தொடங்கியது சில ஆண்டுகளில் பல லட்சம் செடிகள் ஆனது. தொட்டபெட்டாவிலும், 1862 முதல் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன.

இதில் ஒரு சண்டையும் உண்டு. ஜாவாவில் டச்சுக்காரர்கள் சிங்கோனாவை மலைக்காட்டின் நிழலில் நட்டு வந்தார்கள். அது காட்டு மரம், நிழல்தான் அதற்குச் சரி என்பது அவர்கள் கணக்கு. மெக்ஐவர் நிழலிலும் நட்டார், திறந்த வெளியிலும் நட்டார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் நின்றது திடமாக வளர்ந்தது, நிழலில் நின்றது மெலிந்து நீண்டது. தண்ணீர் தேங்கும் இடத்தில் வேர் அழுகியது, வடியும் சரிவில் பிழைத்தது. காடுகளை வெட்டித் திறந்த வெளியில் நட அவர் முடிவு செய்ததால் பல சோலைகள் அழிந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த இழப்புக்கு அப்போது யாரும் கணக்கு எழுதவில்லை.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு பாசி கட்டும் முறை. பட்டைக்காக மரத்தையே வெட்டிவிட்டால் மறுபடி பல ஆண்டு காத்திருக்க வேண்டும். அவர் மரத்தைச் சுற்றி ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டையை நீளவாக்கில் கீற்றுகளாக உரித்தார். உரித்த காயத்தின்மேல் ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். அந்த மறைவில் புதுப் பட்டை வளர்ந்தது. அப்படி வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்து முன்பைவிடக் கூடுதலாக இருந்தது. இளம் வயதில் பாசிகளைக் குனிந்து பார்த்தவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது என்று எங்கள் வங்கிப் பாஷையில் சொல்லலாம்.

நடுவட்டத்தின் மறுபக்கம்

நாம் ஊட்டிக்குப் போகும்போது கூடலூர் மலையேறி நடுவட்டத்தில் தேநீருக்கு நிற்கிறோம் அல்லவா? அங்கே ஒரு பழைய சிறை இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மலாயா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் அங்கே வைக்கப்பட்டு, சிங்கோனாத் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் குளிரில், மொழி தெரியாத ஊரில், குழி வெட்டியதும் நாற்றுச் சுமந்ததும் அவர்கள். விடுதலைக்குப் பிறகு சிலர் ஊர் திரும்பாமல் நடுவட்டம் பக்கமே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டும் மாடு வைத்துப் பால் விற்றும் பிழைத்தார்கள். மெக்ஐவரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இவர்கள் பெயர் இல்லை. லட்சக்கணக்கான செடிகளை ஒருவர் கை மட்டும் நட்டுவிட முடியாது.

மெக்ஐவர் எல்லோரோடும் ஒத்துப்போகிற மனிதராகவும் இருந்ததாகத் தெரியவில்லை. 1866-இல் பட்டையைச் சோதித்து மருந்து எடுப்பதற்காக ஜான் ப்ரௌட்டன் என்ற வேதியியலர் நியமிக்கப்பட்டார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தோட்டக்காரர் சொல்வது சரியா, ஆய்வுக்கூடக்காரர் சொல்வது சரியா என்ற தகராறு பல ஆண்டு நீண்டது. சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினம் இல்லை.

ஆனால் வேலை நின்றுபோகவில்லை. அதே 1866-இல் சென்னையில் அமைக்கப்பட்ட மருத்துவக் குழு, சிங்கோனாப் பட்டையில் குவினைன் தவிர இருக்கும் மற்றச் சத்துகளையும் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தது. அவையும் காய்ச்சலைத் தணிக்கின்றன என்று கண்டது. விலை குறைந்த மருந்துக்கு அது வழி திறந்தது. பிற்காலத்தில் தபால் நிலையத்தில் சில்லறைக் காசுக்குப் பொட்டலமாக வாங்கும் அளவுக்குக் கொயினா எளியவர் கைக்கு வந்தது. என் தாத்தா பிழைத்தது அந்த வரிசையில்தான்.

கடைசி வரவு செலவு

1876-இல் மெக்ஐவர் ஊட்டியிலேயே காலமானார். வயது ஐம்பதை ஒட்டி. இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த மலையில் கழித்திருந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். ஆக, எந்த நோய்க்காக வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செலவிட்டாரோ அது எப்படி வருகிறது என்பதே தெரியாமல்தான் அவர் போனார்.

அவருடைய செம்பட்டைச் சிங்கோனா எதையும் தாங்கும் இனம், ஆனால் அதில் குவினைன் அளவு குறைவு. பொலிவியாவிலிருந்து வந்த வேறொரு இன விதையை ஆங்கிலேய அரசு வேண்டாம் என்றுவிட, டச்சுக்காரர்கள் கொஞ்சம் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அதில் சத்து பல மடங்கு. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது உலகச் சந்தை ஜாவாவின் கையில் இருந்தது. பிறகு செயற்கை மருந்துகள் வந்தன. நீலகிரியில் சிங்கோனா நின்ற இடங்களில் தேயிலை ஏறியது. நம்மில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நுவரெலியா பக்கத்து ஹக்கல பூங்காவை அறிவீர்கள். அதுவும் 1861-இல் சிங்கோனாவுக்காகவே தொடங்கப்பட்டது. அங்கேயும் இதே கதைதான். 1968 முதல் தாயகம் திரும்பியோருக்காக அரசு தேயிலைத் தோட்டங்கள் அமைத்து, 1976-இல் டான்டீ நிறுவனம் ஆனபோது, அதே மலைகளில் இன்னொரு தலைமுறை வந்து குடியேறியது.

ஐந்தொகை போட்டுப் பார்த்தால், சிங்கோனா வியாபாரமாக நிலைக்கவில்லை. 3 ரூபாய் காய்கறிச் சந்தாவும் நிலைக்கவில்லை. நிலைத்தது ஒரு பூங்காவும், செடியைப் பார்த்துப் பார்த்துப் பெருக்கும் ஒரு முறையும். பூங்காவை நாம் ஊட்டியில் விட்டுவிடுவோம். முறையை வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

நம் ஜன்னலுக்கு வந்த பாடம்

யானை வந்து போன பிறகு, பின்புறத் தோட்டத்தில் மிதிபடாமல் ஒரு மூலையில் கொஞ்சம் புதினா மட்டும் கிடந்தது. அதில் நான்கு தண்டு கிள்ளிவந்தேன். மெக்ஐவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் செய்ததை அடுப்படியில் செய்து பார்த்தேன். தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

புதினாவைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். பத்து நாளில் வெள்ளை வேர் தெரியும். மண்ணுக்கு மாற்றி, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்து வையுங்கள். இதுதான் ஏழைக்கேற்ற வார்டு பெட்டி. ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்து காற்றுப் பழக்கி, பிறகு பாட்டிலை எடுத்துவிடலாம். கற்பூரவல்லிக்கும் இதே முறைதான், அது இன்னும் சுலபம்.

வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து நெருக்கமாகத் தூவினால் நான்கு நாளில் முளைக்கும். மூன்று, நான்கு வாரத்தில் ஒரு கூட்டுக்கு ஆகும். சின்ன வெங்காயத்தையும் முளைவிட்ட பூண்டுப் பல்லையும் மண்ணில் செருகி வைத்தால் தாள் வெட்ட வெட்ட வரும். கொத்தமல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து போட வேண்டும். நம் குளிரில் முளைக்கவே இரண்டு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். தக்காளி, கத்தரி, பச்சை மிளகாயை மழைக்காலத்தில் ஜன்னலில் முயன்றேன். மெலிந்து நீண்டு வெளிச்சம் தேடிச் சாய்ந்தனவே தவிரக் காய்க்கவில்லை. நிழலில் நட்ட சிங்கோனாவுக்கு நேர்ந்தது இதுதான். கறிவேப்பிலையும் மழை முடிந்த பிறகுதான்.

அதிக வெளிச்சம் வரும் ஜன்னலையே செடிக்குக் கொடுங்கள். வாரம் இருமுறை டப்பாவைத் திருப்பி வையுங்கள். அடுப்பிலிருந்து இரண்டடியாவது தள்ளியிருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், டப்பாவின் அடியில் துளை. என் முதல் மூன்று டப்பாக்கள் செத்தது தண்ணீர் இல்லாமல் அல்ல, நான் அன்பு மிகுந்து காலையும் மாலையும் ஊற்றியதால். விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம்.

இதில் கிடைப்பது ஒரு சட்னிக்கும் ஒரு ரசத்துக்கும் மேலே தூவுவதற்குத்தான். காய்கறிச் செலவு இதனால் பெரிதாகக் குறையாது. அப்படிச் சொன்னால் கணக்குக்காரன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். ஆனால் இதைத் தின்னப் பன்றி வராது, யானை வராது. இருட்டிய பிறகு யாரும் டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டியதில்லை.

பொதுக்குழுவுக்கு ஒரு வேண்டுகோள்

மீதமுள்ள 1,860 ரூபாயைத் திருப்பித் தருவதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். என் யோசனை இது. அந்தத் தொகையில் மண்புழு உரமும் தென்னை நார்க் கழிவும் மூட்டையாக வாங்கி, வேண்டுகிற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். புதுச் சந்தா வேண்டாம். பின்புறத்து மண்ணில் இனி யானைக்குப் பிடித்த எதையும் நட வேண்டாம். வாழைக்கன்றுக்கு நான் எடுத்துக்கொடுத்த 480 ரூபாயை என் சொந்தப் பணத்திலிருந்து கணக்கில் கட்டிவிட்டேன். ரசீது செயலாளரிடம் உள்ளது. காவலாளி தம்பியின் கையை அந்த ரசீது சரிசெய்யாது என்பதும் தெரியும். அவர் தங்கும் அறையின் ஜன்னலில் இப்போது ஒரு டப்பா கற்பூரவல்லி இருக்கிறது. அவரே கேட்டு வாங்கிப் போனது.

என் வீட்டுப் புதினா இப்போது 14 தண்டு தரும் நிலையில் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். அடியில் துளையிட்ட டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். துளை போடத் தெரியாதவர்கள் டப்பாவை மட்டும் கொண்டுவந்தாலும் போதும், அடுப்பில் ஆணியைக் காய்ச்சி நான் போட்டுத் தருகிறேன். மூன்று மாதம் கழித்து உங்கள் செடியிலிருந்து ஒரு தண்டு கிள்ளிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும்.